பள்ளி மாவட்டத்தை அறிந்துகொள்வது எப்படி: அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை முதலில் பார்ப்பது, அந்தப் பகுதிப் பள்ளிக்கு வீடு விற்பனை இணையதளங்கள் காட்டும் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்ற மதிப்பெண்ணைத்தான். அந்த எண்ணை நம்பி முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கி, ஆண்டுதோறும் பெருந்தொகையைச் சொத்து வரியாகச் செலுத்தத் தொடங்கிய பிறகு, அந்தப் பணத்தை யார், எந்த அடிப்படையில் செலவிடுகிறார்கள் என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. பக்கத்துப் பள்ளி மூடப்படும்போதோ, இசை வகுப்பு நிறுத்தப்படும்போதோதான் இதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. அதற்குள் முடிவு எடுக்கப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருக்கும். நிர்வாகம், நிதி, கல்வித் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால் மட்டுமே ஒரு பள்ளி மாவட்டத்தை, அதாவது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பைப் பற்றி நியாயமான முடிவுக்கு வர முடியும். இதற்கு வேண்டிய ஆவணங்கள் எல்லாம் சட்டப்படி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டவை. கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சில மாலை நேரங்களை ஒதுக்கினால் போதும்.

முதலில் உங்கள் மாவட்டம் எது என்பதை உறுதிசெய்யுங்கள்

நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாவட்டம்தான். மேரிலாந்தில் பொதுவாக, மாநிலத்தின் உட்பிரிவான கவுண்டி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கும் நகர எல்லைக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். ஃப்ரிஸ்கோ நகரத்து முகவரி கொண்ட வீடு, ஃப்ரிஸ்கோ மாவட்டத்தில் அல்லாமல் ப்ராஸ்பர் அல்லது லூயிஸ்வில் மாவட்டத்தில் அமைந்திருப்பது வழக்கமான ஒன்று. கலிஃபோர்னியாவின் சில பகுதிகளில் ஒரே வீடு இரண்டு மாவட்டங்களுக்கு உட்பட்டிருக்கும்: கூப்பர்டினோவில் எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டம், அதற்குமேல் ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம். இந்த ஃப்ரீமான்ட் யூனியனுக்கும், வளைகுடாவின் மறுகரையில் ஃப்ரீமான்ட் நகரத்தில் உள்ள ஃப்ரீமான்ட் யூனிஃபைட் மாவட்டத்துக்கும் பெயரளவில் மட்டுமே ஒற்றுமை.

வீட்டுத் தரகர் சொல்வதையோ, விளம்பரத்தில் உள்ளதையோ விட நம்பத்தக்க ஆவணம் சொத்து வரி ரசீது. அதில் கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம், சமுதாயக் கல்லூரி மாவட்டம் என ஒவ்வோர் அமைப்புக்கும் செல்லும் தொகை தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். பல மாநிலங்களில் அவற்றிலேயே பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்கு உரியதாக இருக்கும். மாவட்டத்தின் சரியான பெயரை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரம் யார் கையில்

கல்வி என்ற சொல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. எனவே கல்வி மாநிலங்களின் பொறுப்பு; மாநிலங்கள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பகுதியை உள்ளூர் மாவட்டங்களிடம் ஒப்படைத்துள்ளன. பாடத்திட்டத் தரம், தேர்வு, ஆசிரியர் உரிமம் ஆகியவற்றை மாநிலம் வகுக்கிறது; பள்ளியை நடத்துவது மாவட்டத்தின் வேலை. கொடுத்த அதிகாரத்தை மாநிலம் திரும்பப் பெறவும் முடியும். நியூ ஜெர்சியின் நியூவர்க் மாவட்டம் 1995 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாநிலக் கட்டுப்பாட்டில் இருந்தது. 2023 ஜூனில் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் மாவட்டத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை விலக்கிவிட்டுத் தான் நியமித்த குழுவை அமர்த்தியது.

வழக்கமான அமைப்பு இதுதான்: ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட பள்ளி வாரியத்தை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், வாரியம் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டை நியமிக்கிறது, மற்ற ஊழியர்கள் அனைவரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள். சூப்பரின்டென்டென்டை அமர்த்துவதும் நீக்குவதும், வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும், ஆசிரியர் சங்கத்துடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவதும், பள்ளிகளின் எல்லைகளை வகுப்பதும், கொள்கைகளை இயற்றுவதும் வாரியத்தின் முதன்மையான கடமைகள். தனி ஓர் உறுப்பினருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. முறையாகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் வாரியம் வாக்களித்தால்தான் அது முடிவாகும். எனவே தெரிந்த உறுப்பினர் ஒருவரிடம் தனிப்பட்ட முறையில் சொல்லிவைத்தால் காரியம் நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பு தொடர்பான குறையை ஆசிரியர், முதல்வர், மாவட்ட அலுவலகம் என்ற வரிசையில் கொண்டுசெல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் பாதிக்கும் கொள்கையோ நிதியோ சம்பந்தப்பட்டிருந்தால் வாரியத்திடம் செல்லுங்கள்.

எல்லா வாரியங்களுக்கும் வரி விதிக்கும் உரிமை இருப்பதில்லை. வர்ஜீனியாவில் பள்ளி வாரியம் தனக்கு வேண்டிய தொகையைக் கேட்க மட்டுமே முடியும். ஃபேர்ஃபாக்ஸ் போன்ற கவுண்டிகளில் எவ்வளவு கொடுப்பது என்பதைக் கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு தீர்மானிக்கிறது. அங்கே பள்ளி வாரியக் கூட்டத்தில் மட்டும் போய்ப் பேசுபவர் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார். நியூயார்க் நகரத்தில் 2002 முதல் மேயரின் கையில்தான் பள்ளி நிர்வாகம் இருக்கிறது. ஆகவே, யார் முடிவெடுக்கிறார்கள் என்று தேடும்போதே, வரி விகிதத்தை யார் நிர்ணயிக்கிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாரியத்தை அறிய மிகச் சிறந்த ஆவணம் கூட்ட நிகழ்ச்சி நிரல். கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாக அது வெளியிடப்பட வேண்டும். பிற மாநிலங்களிலும் இதைப் போன்ற திறந்த கூட்டச் சட்டங்கள் உள்ளன. நிரலைத் திறந்தவுடன் பரிசளிப்பு, பாராட்டு, அறிக்கை வாசிப்பு என முதலில் வருபவற்றைத் தாண்டி, ‘கன்சென்ட்’ என்ற தலைப்புக்குக் கீழே உள்ளவற்றைப் படியுங்கள். வழக்கமானவை என்று கருதப்படும் பல தீர்மானங்களை விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றுவதற்காக வைக்கப்படும் பட்டியல் அது. மென்பொருள் வாங்குவதற்கான ஒப்பந்தம், ஆலோசனை நிறுவனத்துக்குத் தரும் கட்டணம், கட்டட வேலைக்கான கூடுதல் செலவு, பணிவிலகல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரே பள்ளியிலிருந்து ஒரே வசந்த காலத்தில் பல ஆசிரியர்கள் விலகியிருந்தால், எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாத செய்தியை அந்தப் பட்டியல் சொல்லிவிடும். குறிப்பிட்ட ஒரு தீர்மானத்தைத் தனியாக எடுத்து விவாதிக்க வேண்டும் என்று எந்த உறுப்பினரும் கோரலாம். அப்படிக் கோரும்படி அவருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதுவது உங்கள் உரிமை.

பணம் எங்கிருந்து வருகிறது

நாட்டளவில் பார்த்தால் பள்ளிகளின் வருவாயில் மாநில அரசும் உள்ளூர் வரியும் ஏறக்குறையச் சமமான பெரும் பங்குகளைத் தருகின்றன. மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே இருக்கும். வாஷிங்டனில் நடப்பதைக் கவனிக்கும் அளவுக்கு நம்மவர்கள் மாநிலத் தலைநகரைக் கவனிப்பதில்லை. உண்மையில் உங்கள் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர் அமர்வார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, பள்ளிகளுக்குப் பணத்தைப் பங்கிட மாநிலம் வைத்திருக்கும் கணக்கு முறை, அதாவது நிதிச் சூத்திரம்தான்.

அந்தச் சூத்திரங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதை ஒரு வழக்கின் கணக்கே விளக்கும். 1960களின் இறுதியில் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு மாவட்டங்கள் இருந்தன. ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி விதித்தும் ஒரு மாணவருக்கு 26 டாலரைத்தான் திரட்ட முடிந்தது. வசதியானவர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ், 85 சென்ட் மட்டுமே விதித்து மாணவருக்கு 333 டாலர் திரட்டியது. அதிக வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குக் குறைந்த பணம் கிடைத்த இந்த ஏற்பாட்டை எதிர்த்து எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கில், கல்வி மத்திய அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்குச் சென்றது. இன்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சூத்திரம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெரும்பாலான சூத்திரங்களின் எலும்புக்கூடு ஒன்றே. ஒரு மாணவருக்கு அடிப்படைத் தொகை இவ்வளவு என்று மாநிலம் நிர்ணயிக்கிறது. வறுமையில் வாழ்பவர், ஆங்கிலம் கற்பவர், சிறப்புக் கல்வி தேவைப்படுபவர் ஆகியோருக்குக் கூடுதல் எடை, அதாவது கூடுதல் பணம் தருகிறது. உள்ளூர் சொத்து வரியிலிருந்து கிடைக்கக்கூடிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை மாநிலம் தருகிறது. டெக்சாஸில் சொத்து வளம் மிகுந்த மாவட்டங்கள் வரி வருவாயில் ஒரு பகுதியை மாநிலத்திடம் திருப்பித் தர வேண்டும். 1993 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாட்டை மக்கள் ‘ராபின் ஹூட்’ என்று அழைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியைச் சொத்து மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியதால் பள்ளி நிதியின் கடிவாளம் மாநிலத்துக்குச் சென்றுவிட்டது. 2013 முதல் அங்கே எடை அடிப்படையிலான சூத்திரம் நடைமுறையில் உள்ளது. உள்ளூர் சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடும் பாலோ ஆல்ட்டோ போன்ற மாவட்டங்கள் அந்த மிச்சத்தைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் ஆசிரியர் சம்பளம் வெகுவாக வேறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிர்வாகத் திறமை அல்ல, இந்த அமைப்பு.

இங்கே நம் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. பள்ளியில் சேர்க்கும்போது ‘வீட்டில் பேசும் மொழி எது’ என்ற படிவம் தரப்படும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று அஞ்சிப் பலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தேர்வு, உதவி தேவையா என்று அறிவதற்கானது. நன்றாகப் பேசும் பிள்ளை தேர்ச்சி பெற்று வழக்கமான வகுப்பில் தொடரும். உதவி தேவைப்படும் பிள்ளைக்கோ அது சட்டப்படியான உரிமை. சூத்திரத்தில் கூடுதல் நிதியும் அந்தக் கணக்கெடுப்பை ஒட்டியே வருகிறது. உண்மையை எழுதுங்கள்.

மத்திய அரசின் பணம் பெரும்பாலும் குறிப்பிட்ட நோக்கங்களுக்கானது: வறுமை மிகுந்த பள்ளிகளுக்கு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவின்கீழ் வரும் நிதி, மதிய உணவு, சிறப்புக் கல்வி. சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாட்டின் சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975இல் நாடாளுமன்றம் வகுத்த இலக்கை மத்திய அரசு ஒருபோதும் எட்டியதில்லை. மீதிச் சுமை மாவட்டத்தின் பொது நிதியில் விழுகிறது. இதைச் சாக்காக வைத்துச் சிறப்புக் கல்விப் பிள்ளைகளைச் செலவுப் பாரமாகச் சித்திரிக்கும் பேச்சு கூட்டங்களில் எழும்போது, குறை பிள்ளைகளிடம் இல்லை, நிறைவேறாத வாக்குறுதியில் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கும் முறை

நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். முதலில் பொது நிதியையும் கட்டுமான நிதியையும் பிரித்துப் பாருங்கள். புதிய விளையாட்டரங்கம் கட்டிக்கொண்டே ஆசிரியர்களை நீக்குகிறார்களே என்ற கோபம் அடிக்கடி எழுகிறது. வாக்காளர் ஒப்புதலுடன் விற்கப்படும் கடன் பத்திரப் பணத்தைச் சம்பளத்துக்குப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. டெக்சாஸ் வரி விகிதத்தில் நடைமுறைச் செலவுக்கும் கடன் அடைப்புக்கும் தனித்தனி விகிதங்கள் காட்டப்படுவதும் இதனால்தான். அரங்கம் தேவையா என்பது நல்ல கேள்வி. அதைக் கேட்க வேண்டிய நேரம் கடன் பத்திரத் தேர்தல்.

பொது நிதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போய்விடும். ஆகவே காகிதம், பயணம் போன்றவற்றில் சிக்கனம் பிடித்துப் பெரும் பற்றாக்குறையை அடைக்க முடியாது. எந்த வகைப் பணியிடங்கள் கூடியிருக்கின்றன, எவை குறைந்திருக்கின்றன என்று காட்டும் பணியிட அட்டவணையைத் தேடி, அதை ஐந்து ஆண்டுகளுக்கு வரிசைப்படுத்திப் பாருங்கள். மாவட்டம் எதை முக்கியமாகக் கருதுகிறது என்பது அந்த அட்டவணையில் தெரியும்.

அடுத்தது மாணவர் எண்ணிக்கை. வருவாய் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வருவதால், எண்ணிக்கை குறைவதே பல மாவட்டங்களின் இன்றைய நெருக்கடிக்கு வேர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: தலைக்கு 12,000 டாலர் வரும் மாவட்டத்தில் 100 மாணவர்கள் குறைந்தால் 12 லட்சம் டாலர் போய்விடும். அந்த 100 பேரும் ஒரே பள்ளியிலிருந்து போவதில்லை. பத்துப் பள்ளிகளில், பல வகுப்புகளில், இங்கே இருவர் அங்கே ஒருவர் என்று குறைவார்கள். எந்த வகுப்பையும் மூட முடியாது, எந்தப் பேருந்தையும் நிறுத்த முடியாது. வருவாய் மட்டும் குறைந்திருக்கும். இந்தக் கணக்கு நான்கைந்து ஆண்டுகள் தொடர்ந்தால்தான் பள்ளி மூடும் பேச்சு வருகிறது. ஆகவே மாணவர் எண்ணிக்கைக் கணிப்பை முன்கூட்டியே பார்ப்பவருக்கு அந்தச் செய்தி அதிர்ச்சியாக வராது. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பதிவு எண்ணிக்கையை விடச் சராசரி அன்றாட வருகையே நிதிக்கு அடிப்படை என்பதால், விடுமுறைக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வது மாவட்டத்தின் வருவாயையும் குறைக்கிறது.

கடைசியாக, ஒருமுறை மட்டும் வந்த பணத்தை ஆண்டுதோறும் தொடரும் செலவுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். கொரோனா காலத்தில் மூன்று தவணைகளாக ஏறத்தாழ 19,000 கோடி டாலர் மத்திய உதவி பள்ளிகளுக்கு வந்தது. அதற்கான செலவை உறுதிசெய்யும் கடைசிக் கெடு 2024 செப்டம்பர் 30. அந்தப் பணத்தில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்கள் பிறகு கடும் வெட்டுகளைச் சந்தித்தன. இறுதிக் கையிருப்பு மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து சரிகிறதா என்பது எளிய சோதனை. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுக்கு இருமுறை, நடப்பாண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தன் கடமைகளைச் செலுத்த முடியுமா என்று சான்றளிக்க வேண்டும். ‘பாசிட்டிவ்’ (முடியும்) என்பதிலிருந்து ‘குவாலிஃபைட்’ (முடியாமல் போகலாம்) என்று அது மாறினாலே விழித்துக்கொள்ள வேண்டும்.

தேர்ச்சியும் முன்னேற்றமும்

2015 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும், வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்தி, முடிவுகளை இனம், வருமானம், மொழி, மாற்றுத்திறன் என்று பிரித்து வெளியிட வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் தலைக்கு எவ்வளவு செலவாகிறது என்பதையும் காட்ட வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் இவை அறிக்கை அட்டையாகக் கிடைக்கும்.

தேர்ச்சி விகிதத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பெற்றோரின் வருமானமும் படிப்பும். முதல் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் வருகிறது. அதற்குள் பிள்ளை வீட்டிலிருந்தும், தனிப்பயிற்சி மையங்களிலிருந்தும் எவ்வளவோ கற்றுக்கொண்டிருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழும் பல மாவட்டங்களில் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு, சனிக்கிழமை கணித வகுப்புக்குப் பெற்றோர் கட்டும் பணமும் ஒரு காரணம். ஆண்டுக்கு ஆண்டு அதே பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற அளவே பள்ளியின் வேலையை நெருக்கமாகக் காட்டுகிறது. நாட்டின் மாவட்டங்களை ஒப்பிட்ட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வி வாய்ப்புத் திட்டம், சராசரி மதிப்பெண் செல்வ நிலையோடு வலுவாகவும், முன்னேற்ற வேகம் அதோடு மிகத் தளர்வாகவும் தொடர்புடையவை என்று கண்டறிந்தது. வசதி குறைந்த மாவட்டம் சிறப்பாகக் கற்பிக்கலாம், வசதியான மாவட்டம் தேங்கி நிற்கலாம் என்பதே இதன் பொருள்.

ஒரு மாநிலத்தின் தேர்ச்சி விகிதத்தை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிடாதீர்கள். தேர்ச்சிக்கான எல்லைக்கோடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பட்டம் பெறும் விகிதத்தைப் பார்க்கும்போது, அதே பள்ளியின் பதினோராம் வகுப்புக் கணிதத் தேர்ச்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது ஏறி, பின்னது இறங்கினால் காரணம் கேட்க வேண்டும். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத மாணவர்களின் விகிதமும் முக்கியமானது. 180 நாள் ஆண்டில் அது 18 நாள்.

இனி மூன்றையும் இணைக்கலாம். அறிக்கை அட்டையில் ஒரு பலவீனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் மூன்றாம் வகுப்பு வாசிப்பு என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிசெய்ய மாவட்டத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள், வாசிப்புப் பயிற்றுநர்களுக்கு எத்தனை பணியிடங்கள் ஒதுக்கினார்கள், அவை நிரப்பப்பட்டனவா, கடந்த பன்னிரண்டு மாதக் கூட்டக் குறிப்புகளில் வாரியம் அதை விவாதித்ததா என்று தேடுங்கள். திட்டத்தில் இருந்து, பணமும் ஒதுக்கப்பட்டு, ஆண்டு முழுவதும் ஒருமுறைகூட வாரியத்தில் பேசப்படாமல் இருந்தால், உங்கள் கேள்வி தயாராகிவிட்டது.

எப்போது, எப்படிக் கேட்பது

பெரும்பாலான மாவட்டங்களின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. ஜூன் மாதப் பொது விசாரணைக்குப் போய்ப் பேசினால் காலம் கடந்திருக்கும். ஜனவரியில் ஆளுநர் தன் நிதித் திட்டத்தை வெளியிட்டவுடன் மாவட்டங்கள் வரைவு வேலையைத் தொடங்கிவிடும். கலிஃபோர்னியாவில் பணிநீக்க முன்னறிவிப்பை ஆசிரியர்களுக்கு மார்ச் 15க்குள் தர வேண்டும் என்பதால், எதை வெட்டுவது என்ற உண்மையான விவாதம் பிப்ரவரியிலேயே நடக்கும். நியூயார்க் மாநிலத்தில் பெருநகரங்கள் தவிர்த்த மாவட்டங்களில் மே மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை வரவு செலவுத் திட்டத்தின் மீதே மக்கள் வாக்களிக்கிறார்கள்.

குடியுரிமை இல்லாதவர்கள் பொதுவாக வாக்களிக்க முடியாது. விதிவிலக்குகளும் உண்டு: சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி வாரியத் தேர்தலில் குடியுரிமை பெறாத பெற்றோரும் வாக்களிக்கும் வழியை 2016இல் அந்நகரத்து வாக்காளர்கள் ஏற்படுத்தினார்கள். கூட்டத்தில் பேசுவதற்கும், பள்ளியின் ஆலோசனைக் குழுவில் சேர்வதற்கும் பொதுவாக விசா ஒரு தடை அல்ல. பேசுவதற்கு வழக்கமாக இரண்டு அல்லது மூன்று நிமிடமே தருவார்கள். எழுதி எடுத்துச் செல்லுங்கள். நிரலின் எந்தத் தீர்மானம், எந்தப் பக்கத்து எண், என்ன கேள்வி என்ற வரிசையில் சொல்லுங்கள். வாரியம் உடனே பதில் சொல்லாது. நிரலில் இல்லாததை விவாதிக்கச் சட்டம் தடுப்பதும் அதற்கு ஒரு காரணம். அதே கேள்வியை மறுநாள் மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.

அதன்பிறகும் பதில் வராவிட்டால் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வையுங்கள். கலிஃபோர்னியாவில் பத்து நாட்களுக்குள்ளும், நியூ ஜெர்சியில் ஏழு வேலை நாட்களுக்குள்ளும் மாவட்டம் பதிலளிக்க வேண்டும். நீட்டிப்புக் கோரவும் சட்டத்தில் இடம் உண்டு. ‘வாசிப்புத் திட்டம் பற்றிய எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும். ‘2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை வாசிப்புப் பயிற்றுநர் பணியிடங்களில் நிரப்பப்பட்டவை, காலியானவை ஆகியவற்றைப் பள்ளிவாரியாகக் காட்டும் ஆவணம்’ என்று காலத்தையும் பொருளையும் குறுக்கிக் கேளுங்கள். தனிப்பட்ட மாணவர் பற்றிய விவரங்களை மத்தியச் சட்டம் பாதுகாப்பதால் அவற்றைக் கேட்காதீர்கள். கோரிக்கை அனுப்பிய தேதியைக் குறித்துவைத்து, கெடு முடிந்த மறுநாளே பணிவாக நினைவூட்டுங்கள்.